முகவாயில் நீலக்கோடு

"யாரு பந்தை எடுத்தது?" என்று அண்ணி கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பந்தை யாரும் எடுக்கவில்லை. விளக்குக்கு நேர் கீழே, பச்சைத் துணியின் மேல், எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி பளபளத்தபடி கருப்புப் பந்து அங்கேயேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தையல் கடைக்கு மேல்மாடியில், மூன்று மேஜைகள் போட்ட பில்லியர்ட்ஸ் ஹால். அண்ணன், அண்ணி, நான் மூவரும் வாரம் தவறாமல் அங்கே போவோம். அண்ணன் ஆடுவான் என்பதைவிட, ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சலாக நிற்பான் என்று சொல்லலாம். நான் பலகையில் புள்ளி எழுதுவேன். நடுநடுவே மடியில் இருக்கும் நாவலில் நாலு பக்கம் படிப்பேன். உண்மையில் ஆட வருகிறவள் அண்ணி ஒருத்திதான்.

அண்ணி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறாள். சுவரில் மாட்டிய படம் நூலளவு சாய்ந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். விருந்துக்குப் போன வீட்டில்கூட எழுந்துபோய் அதை நிமிர்த்திவிட்டு வந்துதான் சாப்பிடுவாள். மேஜையிலும் அந்தக் கண்தான் அவளுடைய சொத்து.

புதிதாக ஆட வருகிறவர்கள் பந்தையே பார்ப்பார்கள். அண்ணி பார்ப்பது இல்லாத பந்தை. விழவேண்டிய குழியிலிருந்து மனதில் ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோடு பந்தைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் வெளியே வருமில்லையா, அங்கே அதை ஒட்டி இன்னொரு பந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வாள். வெள்ளைப் பந்தை அடித்து அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். இருக்கிற பந்து தானாகக் குழிக்குப் போய்விடும். ஹாலில் அதற்குப் பேய்ப் பந்து என்று பெயர். எனக்கும் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். எனக்குப் பேயும் தெரியவில்லை, பந்தும் விழவில்லை.

"நாவல்ல வர்றவங்க எல்லாம் கண்ணு முன்னாடி நடமாடுறாங்கன்னு சொல்றே. ஒரே ஒரு பந்து தெரியாதா உனக்கு?" என்பாள்.

கொஞ்ச மாதங்களாக அண்ணியின் ஆட்டத்தைப் பார்த்து ஹாலே வாயடைத்துப் போயிருந்தது. முன்பு நன்றாக ஆடுவாள். இப்போது தவறவிடுவதே இல்லை. பந்தடிக்கும் கோலோடு குனியும்போது தலை சற்று இடப்பக்கம் தள்ளி நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளும் யோசித்துச் செய்யவில்லை. "உடம்பு தானா போய் நின்னுச்சு. நின்ன இடத்துலேர்ந்து கோடு கம்பி மாதிரி தெரியுது," என்று சொன்னாள். ஹால்காரர் அதைப் புது டெக்னிக் என்றார். எதிரே ஆடித் தோற்றுக்கொண்டே இருந்த பல் டாக்டர், தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அதைப் பழகிப் பார்த்தார். பழகிவிட்டு வந்து அடித்த முதல் அடியில் வெள்ளைப் பந்து மேஜையைத் தாண்டி ஹால்காரரின் கால்விரலில் விழுந்தது.

அன்றைக்கு மேஜையில் கருப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் மட்டும் மிச்சம். கருப்புப் பந்தைக் குழியில் போட்டால் ஆட்டம் அண்ணிக்கு. பல் டாக்டர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகூப்பினார்.

"அம்மா தாயே, தோத்துட்டேன். அடிக்கறதுக்கு முன்னாடி அந்த ரகசியத்தை மட்டும் சொல்லிடுங்க."

"ரகசியமெல்லாம் இல்ல டாக்டர். ரெண்டு கண்ணுல ஒண்ணுதான் முதலாளி. அது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்குக் கீழ கோலை வைக்கணும். உங்களுக்கு எதுன்னு பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல."

"கையை நீட்டுங்க. ரெண்டு உள்ளங்கையும் சேத்து நடுவுல சின்னதா ஓட்டை விடுங்க. ரெண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டைக்குள்ள கருப்புப் பந்தைப் பாருங்க. இப்ப ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணுக்குப் பந்து நகராம நிக்குதோ அதுதான் முதலாளி. இன்னொண்ணுக்குப் பந்து கைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்."

டாக்டர் செய்தார், நானும் செய்தேன். அண்ணன் கையை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டுமே வேலைக்காரங்கதான்," என்றான்.

"இப்படி," என்று அண்ணி கைகளை நீட்டிக் காட்டினாள். இடது கண்ணை மூடினாள். "இருக்கு." வலது கண்ணை மூடினாள்.

அப்போதுதான் அதைக் கேட்டாள். "யாரு பந்தை எடுத்தது?"

நாங்கள் சிரித்தோம். "கைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், நீங்கதானே சொன்னீங்க," என்றார் டாக்டர்.

அண்ணியும் சிரித்துக்கொண்டே கைகளைக் கீழே இறக்கினாள். வலது கண் மூடியே இருந்தது. சிரிப்பு அவள் முகத்திலிருந்து போனதை நான் பார்த்தேன். உடனே போகவில்லை. விருந்தாளி போய்விட்ட பிறகும் வாசலிலேயே நிற்பவர்கள் மாதிரி, கொஞ்ச நேரம் உதட்டில் நின்றுவிட்டுப் போயிற்று.

"விளையாடாதீங்க. பந்தை வைங்க."

"அண்ணி, பந்து அங்கேதான் இருக்கு," என்றேன்.

"எங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மேஜையில் பந்துகள் மோதிய சத்தம் தேவையில்லாமல் பெரிதாகக் கேட்டது. டாக்டர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"வலது கண்ணைத் திறக்காதீங்க. என்னைப் பாருங்க. என் முகம் தெரியுதா?"

"காது தெரியுது. தோள் தெரியுது." அவள் நிறுத்தினாள். "நடுவுல சாம்பல் கலர்ல ஏதோ தொங்குது. முகம் இல்ல டாக்டர் உங்களுக்கு."

என் மடியிலிருந்த நாவல் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. அண்ணன் மட்டும் அசையாமல் நின்றான். அவன் கையில் கைக்குட்டை இருந்தது.

அந்தக் கைக்குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் பொடி, கோல் நெடுகப் படிந்திருக்கும். முகவாய் உரசும்படி குனிந்து ஆடுகிறவர்களுக்கு முகவாயில் ஒரு நீலக்கோடு விழும். அண்ணிக்கு அது வாராவாரம் உண்டு. கிளம்பும்போது அண்ணன் அதைத் துடைத்துவிடுவான். இல்லாவிட்டால் பேருந்தில் எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். அன்றைக்கும் ஆட்டம் முடியப்போகிறது என்று முன்னதாகவே எடுத்து வைத்திருந்தான்.

"கல்யாணமானதிலேர்ந்து இடது பக்கம் துடைச்சேன்," என்றான் அண்ணன். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. "கொஞ்ச மாசமா வலது பக்கம் துடைச்சிட்டிருக்கேன். கை அது பாட்டுக்கு மாறிப் போச்சு. ஏன்னு கேக்கவே தோணல எனக்கு."

இடது கண்தான் அண்ணியின் முதலாளி. அது மெல்ல மெல்ல அணைந்துகொண்டு வந்திருக்கிறது. வலது கண் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வேலையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. வலது கண்ணைக் கோலுக்கு நேர் மேலே கொண்டுவரத்தான் தலை இடப்பக்கம் போனது; நீலக்கோடு வலது பக்கம் மாறியதும் அதனால்தான். போட்டிக்கு இன்னொரு கண் இல்லாததால் கோடு கம்பி மாதிரி தெரிந்திருக்கிறது. ஹாலே கைதட்டிய டெக்னிக் அதுதான். சமையலறையில் அவள் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியபோது, "நினைப்பெல்லாம் மேஜையில," என்று நாங்கள் கேலி செய்ததும் எனக்கு அங்கே நின்றபடியே நினைவு வந்தது.

"கிளம்புங்க," என்றார் டாக்டர். "இது தள்ளிப்போடற விஷயம் இல்ல. எங்க கட்டடத்துல மேல் மாடில கண் டாக்டர் இருக்காரு. லீவு நாளா இருந்தாலும் எனக்காக வருவாரு. அவரோட கடவாய்ப் பல்லு என் கையில இருக்கு."

அண்ணி இரண்டு கண்களையும் திறந்தாள். கோலை எடுத்தாள். "ஒரே ஒரு அடி டாக்டர். முடிச்சிட்டு வர்றேன். ரெண்டு கண்ணும் திறந்தா நல்லாத்தானே தெரியுது."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த அடியை அடித்துவிட்டால், நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும் என்று அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். குனிந்தாள். தலை இடப்பக்கம் போய் நின்றது.

அண்ணன் கையை நீட்டிக் கருப்புப் பந்தை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இப்ப நான்தான் எடுத்தேன்," என்றான். "வா."

கண் டாக்டர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். விழித்திரை கீழ்ப்பக்கத்திலிருந்து உரிந்துகொண்டே வந்திருக்கிறது என்றார். சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் கழன்று வருவது போல. "நல்ல கண்ணு மூடி மறைச்சிடும். அதனால நிறையப் பேருக்கு இது தெரியறதே இல்லம்மா. இன்னும் விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும். நாளைக்குக் காலையிலேயே ஆபரேஷன். எவ்வளவு திரும்பும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

அண்ணி அதைக் கேட்கவில்லை. "அப்ப நான் நல்லா ஆடினது?" என்று கேட்டாள். கண் டாக்டருக்கு அது புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

விழித்திரையை ஒட்டவைத்து, அது மறுபடி கழலாமல் இருக்கக் கண்ணுக்குள் வாயுவை அடைத்து அனுப்பினார்கள். அது அழுத்திப் பிடிப்பதற்காக, ஒரு வாரம் அண்ணி முகத்தைக் கீழே பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாலும், சாப்பிட்டாலும், தூங்கினாலும் குனிந்த தலைதான். கட்டிலின் ஓரத்தில் தலையணையில் நெற்றியை வைத்து அவள் கிடப்பாள்; நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து நாவல் வாசித்துக் காட்டுவேன்.

கட்டுப் பிரித்த மறுநாள், நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது, "நிறுத்து," என்றாள். நான் புத்தகத்தை மூடினேன்.

"என்ன அண்ணி?"

"பந்து ஒண்ணு தெரியுது."

"எங்க?"

"நடுவுல. வட்டமா, ஓரம் கருப்பா. தலையை ஆட்டினா அதுவும் ஆடுது."

அண்ணன் அடித்துப் பிடித்துக்கொண்டு கண் டாக்டருக்குப் போன் செய்தான். அது கண்ணுக்குள் இருக்கிற வாயுக் குமிழி, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், நாளாக ஆகச் சிறுத்து மறைந்துவிடும் என்று அவர் சொன்னார். அண்ணன் தரையில் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான்.

"இவ்வளவு நாள் இல்லாத பந்தைப் பாத்தே. இப்ப பேய் நிஜமாவே உள்ள வந்து குடியேறிடுச்சு," என்றான்.

அண்ணி சிரித்தாள். சிரித்தபோது கண்ணீர் நேராக அவன் நெற்றியில் சொட்டியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

குமிழி கோலிக்குண்டாகி, மிளகாகி, கடுகாகி ஒருநாள் காணாமல் போனது. அதற்குள் ஹால்காரரிடமிருந்து பலமுறை ஆள் வந்துவிட்டது. கருப்புப் பந்து இல்லாமல் ஒரு மேஜை சும்மா கிடக்கிறதாம். கண் டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாடிப்படி ஏறினோம். அண்ணன் பந்தைப் பையிலிருந்து எடுத்து, விளக்குக்கு நேர் கீழே, எடுத்த இடத்திலேயே வைத்தான். பல் டாக்டர் வெள்ளையை வைத்தார்.

அண்ணி வலது கண்ணைக் கையால் மூடினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரு பந்தை நசுக்கினது?" என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"பந்து தெரியுதா?" என்றான் அண்ணன்.

"தெரியுது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. மேஜையோட ஓரமும் வளைஞ்சிருக்கு. ஆனா தெரியுது."

அந்தக் கோணல் போகாமலே இருந்துவிடலாம் என்று கண் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணி கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்களும் திறந்தபடி குனிந்தாள். தலை இடப்பக்கம் போயிற்று, திரும்பி வலப்பக்கம் வந்தது, எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அடித்தாள். அவள் கடைப் பையன்கூடப் போட்டுவிடுகிற அடி அது. கருப்பு குழியின் உதட்டில் மோதித் திரும்பியது. வெள்ளை போய்க் குழிக்குள் விழுந்தது; அது விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு.

"ஆட்டம் எனக்கு," என்றார் பல் டாக்டர். அவள் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

கிளம்பும்போது அண்ணன் கைக்குட்டையை எடுத்தான். அண்ணி முகத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அண்ணன் குனிந்து பார்த்தான். கை அப்படியே நின்றது.

"நடுவுல," என்றான்.