விழத் தெரியாதவர்

மனிதகுலத்துக்கு ஓர் அறிவிப்பு. குங்ஃபூ பெரிதா, கட்டிப் புரண்டு மடக்கும் கலை பெரிதா என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை தையற்கடை மாடியில் இறுதித் தீர்ப்பு வழங்கப்படவிருந்தது. பார்வையாளப் பெருமக்கள் செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

மாடியில் மாஸ்டர், கீழே டெய்லர். இரண்டும் ஒரே ஆள்தான். பகலில் துணி வெட்டுவார். சாயங்காலம் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு காற்றை வெட்டுவார். உடை அவரே தைத்தது என்பதால் அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மூத்த மாணவன் லிஃப்ட் மெக்கானிக், மாஸ்டர் மனைவியின் தம்பி. மாடியில் 'மாஸ்டர்' என்பான், படியிறங்கினால் 'மாமா'.

மாஸ்டருக்குத் தெரியாத ஒரு விஷயம் மெக்கானிக்குக்குத் தெரியும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், மாமா இவன் மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பிக் காட்டினார். புது மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதே என்று இவன் தானாகவே விழுந்து, உள்ளங்கையால் தரையைப் பளாரென்று அறைந்தான். அப்போது மாமா முகத்தில் ஏறிய வெளிச்சத்தை அதற்குப் பிறகு இவனால் அணைக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் இவனைப் பார்த்து விழக் கற்றுக்கொண்டார்கள். மாஸ்டர் தொட்டால் விழ வேண்டும். விழுந்தால் தரையை அறைய வேண்டும். சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது அவருடைய சக்தி. இப்படியே வருஷங்கள் ஓடின. தம்மைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த நாடகத்தில் மனுஷன் கதாநாயகனாக இருந்தார்.

எதிர்ச்சாரியில் மடக்குப்பிடி சொல்லித்தரும் ஜிம் ஒன்று வந்தது. அதை நடத்துகிறவன் பிடித்தால் விடமாட்டான் என்பதால் பெயர் அட்டை. மாணவர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடக்க ஆரம்பித்ததும் மாஸ்டர் சவால் விட்டார். வேண்டாமென்று அட்டை பணிவாகச் சொல்லிப் பார்த்தான். பணிவைப் பயமென்று எடுத்துக்கொள்வது மாஸ்டர்களின் தொழில் தர்மம்.

"விளையாட்டுன்னு விட்டுடாதடா," என்றாள் அக்கா அன்று காலை. "கத்திரி பிடிக்கிற கைலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது. அதை ஒடிச்சுக்கிட்டு வந்தாருன்னா, புள்ளைங்களோட உன் வீட்ல வந்து உக்காந்துருவேன்."

"நான் இருக்கேன்லக்கா."

படியேறும்போதாவது சொல்லியிருக்கலாம். 'மாமா, நாங்க சும்மாதான் விழுந்தோம்.' ஒரு வரிதான். ஆனால் மாமா நடுப்படியில் நின்று, "மணிக்கட்டுலயே முடிச்சுடுறேன் மச்சான். பாவம், பொழைக்க வந்த பய," என்றார். இவன் குனிந்து அவர் செருப்பை எடுத்துப் படியோரம் வைத்தான்.

"வலிச்சா தட்டுங்கண்ணே," என்றான் அட்டை. "தரைல தட்டுனாலும் சரி, எம்மேல தட்டுனாலும் சரி. சத்தம் கேட்டா அடுத்த நொடி விட்டுடுவேன்."

"இங்க தட்டுறதெல்லாம் மத்தவங்கதான் தம்பி."

மாஸ்டர் ஒற்றைக்காலில் கொக்குபோல் நின்றார். அட்டைக்குப் பறவைகளில் ஆர்வமில்லை, நேரே உள்ளே வந்தான். மாஸ்டரின் குத்து அவன் தோளில் நன்றாகவே பட்டது. பட்டதும், வழக்கம்போல அவன் விழுவதற்காக நின்றார். அந்த நிற்றலில் அட்டை அவர் இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். ஊரையே விழவைத்தவருக்கு விழத் தெரியவில்லை. துணி மூட்டையாகப் போய் விழுந்தார். வலது கை அட்டையின் தொடைகளுக்கு நடுவே சிக்கி, முழங்கை எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கியது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை.

பளாரென்று சத்தம். அட்டை உடனே விட்டுவிட்டான்.

"யார்றா தட்டுனது?" மாஸ்டர் எழுந்தார். எல்லோரும் மெக்கானிக்கின் உள்ளங்கையைப் பார்த்தார்கள். அது சிவந்திருந்தது.

"போதும் மாமா. கீழ போலாம்." மாடியில் அவன் 'மாமா' என்றது அதுதான் முதல் தடவை.

"இங்க நான் மாஸ்டர்டா! நான் தோத்தேன்னு நீ தட்டுவியா? இன்னொரு தடவ தட்டுன, செத்தாலும் எம்மூஞ்சில முழிக்காத."

"வேணாம்ணே, கை போயிடும்," என்றான் அட்டை.

"பயமா இருந்தா மாணவங்களைத் திருப்பி அனுப்பு."

மறுபடியும் அதே குத்து, அதே காத்திருப்பு, அதே தரை. அட்டை கையை மடக்கிப் பிடித்தானே தவிர இழுக்கவில்லை. "தட்டுங்கண்ணே... அண்ணே, தட்டுங்க," என்று கெஞ்சினான். மெக்கானிக் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். மாஸ்டர் தாமே கண்டுபிடித்த, மாணவர்களிடம் ஒருபோதும் பொய்க்காத, பிடியிலிருந்து விடுபடும் திருப்பத்தை முழு வேகத்தில் போட்டார். கத்திரி வைக்காமல் துணியைக் கையால் கிழிப்பாரே, அந்தச் சத்தம் கேட்டது.

அந்தக் கை இப்போது நீளுவதில்லை. அக்கா புள்ளைகளோடு தம்பி வீட்டில் இருக்கிறாள், அவனோடு பேசுவதில்லை. கீழே கதவு சாத்தியிருக்கிறது. மாடி திறந்திருக்கிறது. மாஸ்டர் இடது கையால் சொல்லித்தருகிறார். மெக்கானிக் எதிரே போய் நிற்கிறான். அவர் தொடுகிறார்.

விழுகிறான்.