கதவுக்கு மேலே கறுப்புப் பலகை

டியூக் கண்ணை மூடியதிலிருந்து ஹாரியட் ஒரு சொட்டு அழவில்லை. ஆட்டிறைச்சி சாப்பிட்டாள், தூங்கினாள், நாய்க்குத் தண்ணீர் வைத்தாள். மரத்துப்போன கால் மாதிரி இருந்தது உடம்பு மொத்தமும். முன்வீட்டு வாசலுக்கு மேலே ஏறப்போகும் பலகைக்கு மட்டும் காத்திருந்தாள்.

லண்டனில் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால், செத்தவரின் குலச்சின்னம் வரைந்த பலகை வாசலுக்கு மேலே ஏறும். மனைவி உயிரோடிருந்தால் சின்னத்துக்குப் பின்னால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கல்யாணமாகாதவர் என்றால் முழுக் கறுப்பு. தெருவில் போகிற பால்காரிகூட அண்ணாந்து பார்த்துச் சேதி தெரிந்துகொள்வாள்.

டியூக் அரசரின் தம்பி. ஹாரியட் நாடகக்காரி. அரச ரத்தம் அரசரின் சம்மதமில்லாமல் மோதிரம் மாற்றினால், சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. பாதிரியார் முன்னால் கைபிடித்து, ஒரு பிள்ளையும் பெற்று, முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் பழைய மேடைப் பெயரில் வெறும் மிஸஸ் கிரேலிதான். டியூக் முன்வீட்டில், அவள் பின்வீட்டில், நடுவே தோட்டத்துக் கதவு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் கதவு வழியாக வருவார். "அடுத்த வருஷம் அண்ணன்கிட்டக் கேட்டுடறேன்டி" என்பார். பீரங்கிக்கு அஞ்சாத மனிதர், அண்ணன் முன்னால் பெட்டிப் பாம்பு.

படுக்கையில் விழுந்தபிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உசிரோட இருக்கறப்ப என்னால முடியல. செத்தப்புறம் பலகையைப் பாரு, பாதி வெள்ளை இருக்கும். அப்ப என்னை யாரு என்ன பண்ணமுடியும்?"

அந்தப் பாதி வெள்ளையை நம்பித்தான் விதவைகள் அணியும் வெள்ளைத் தொப்பியை அவள் தலையில் வைத்திருந்தாள்.

பிற்பகலில் மகன் ஆம்ப்ரோஸ் தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அப்பாவின் படைப்பிரிவிலேயே கேப்டன் அவன். முகம் சிவந்திருந்தது.

"பலகை ஏறிடுச்சும்மா. முழுக் கறுப்பு."

அவள் முன்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். மூலையில்கூட வெள்ளை இல்லை. நெஞ்சில் ஏதாவது ஆகும் என்று நின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

"வரைஞ்சவன் தப்பு பண்ணிட்டான். ஏணியும் ஒரு வாளி சுண்ணாம்பும் குடு, நானே பூசறேன்" என்று ஆம்ப்ரோஸ் கத்தினான்.

வாசலில் நின்றிருந்த சர் லயனல் ஸ்ட்ரேக் தொண்டையைக் கனைத்தார். டியூக்குக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்தே, அடக்கம் வரைக்குமான ஏற்பாடுகளைக் கவனிக்க அரண்மனை அனுப்பியிருந்த ஆள்.

"தப்பு இல்லை, கேப்டன். வரையறவர் வந்து கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். 'முழுக் கறுப்பு. அண்ணனுக்குச் சங்கடம் வேண்டாம்'னு டியூக் தன் வாயாலதான் சொன்னார்."

"எப்போ?" என்றாள் ஹாரியட்.

"போன மாசம், மிஸஸ் கிரேலி. அன்னிக்கு ராத்திரிகூட உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வந்தார்."

அவள் தலையாட்டினாள். வஞ்சனை என்றுகூடத் தோன்றவில்லை. செத்தும் அண்ணனுக்குப் பயப்படுகிற மனுஷனை என்னவென்று திட்டுவது? வீட்டுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தலை சில்லென்றிருந்தது.

அடக்கத்தன்று காலையில் மஞ்சள் கவுன் உடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். சர் லயனல் ஓடிவந்து வழிமறித்தார்.

"என்ன இது! வீட்டுக்குள்ள இருங்கன்னு சொல்லியிருந்தேனே. மரியாதைக்காவது ஒரு கறுப்புத்துணி? ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நீங்களே கதவு மேல சொல்லிட்டீங்களே, சார். பிரம்மச்சாரி செத்தா எவ கறுப்பு கட்டுவா? வழியை விடுங்க."

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

தெருவில் கூட்டம் நெரித்தது. ஹாரியட் ஒரு ஆரஞ்சுக்காரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். சவ வண்டி வந்தது. அரசரின் பிள்ளைகள் அதன் பின்னால் நடந்தார்கள். டியூக்கின் பிள்ளை வெகுதூரம் பின்னால், படைவீரர்களோடு, நேரே பார்த்தபடி கடந்துபோனான். பார்வையைத் திருப்பக்கூடாது என்பது உத்தரவு.

ஆரஞ்சுக்காரி அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். ஹாரியட்டை முழங்கையால் இடித்தாள்.

"ஐயோ பாவம், பாத்தியா? இத்தனை பெரிய மனுஷனுக்கு அழ ஒரு பொண்டாட்டி இல்லையே!"

"இல்லையாம்" என்றாள் ஹாரியட்.

"அட, நீ எதுக்கும்மா அழறே?"

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.