ஒரு கரண்டி வெனிலா

டெல்மர் ஹாக்லண்ட் ஒரு கரண்டி வெனிலா எசன்ஸுக்காக மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்றான். மற்ற இடத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா? கடைக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது. ஆனால் அவன் இருந்தது டுலூத் நகரத்து மலைச்சரிவில், ஸ்ப்ரூஸ் இல்லத்தில். குடியை விட வந்தவர்கள், மாத்திரைப் பழக்கத்தை விட வந்தவர்கள், மனசு ஒரு நிலையில் நிற்காமல் அவதிப்பட்டு வந்தவர்கள் என்று பதினோரு பேர் தங்கிச் சிகிச்சை பெறும் வீடு. அங்கே வாய் கொப்பளிக்கிற மருந்துக்கும் பூட்டு, கை துடைக்கிற ஜெல்லுக்கும் பூட்டு. வெனிலா எசன்ஸிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாராயம். அதைச் சமையலறை அலமாரியில் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

"சாராயம் இல்லாத வெனிலா விக்கிறாங்க. அத வாங்கித் தர்றேன், போதுமா?" என்று கேட்டாள் தலைமை நர்ஸ் பெர்னடெட் லாபிரேரி. இல்லத்தில் எல்லோருக்கும் அவள் பெர்னி.

"அது வெனிலா இல்ல பெர்னி. மெழுகுவத்தியக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கும். பத்தொம்பது வருஷமா கேக்கு போட்டவன்கிட்டயே இப்படிச் சொல்றியே."

"நாப்பத்தேழு நாளா குடிக்காம இருக்கறவனும் நீதான். அத மொதல்ல சொல்ல மாட்டேங்கறியே."

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் டெல்மருக்கு, எல்லோருக்கும் அவன் டெல், அவன் அவசரம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கிற நாள். அன்றைக்கு அவன் மகள் மாரிட்டுக்கு ஒன்பது வயது முடிகிறது. விவாகரத்தாகிப் போன மனைவி ரொண்டா, ஒரு வருடம் கழித்து, குழந்தையைக் கூட்டிவர ஒப்புக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அவள் பேசியது கொஞ்சம்தான்.

"ஒரே ஒரு தடவ வர்றோம் டெல். பாத்துட்டு முடிவு பண்றேன். ஏதாவது கோணலா தெரிஞ்சுதுன்னு வை, அப்புறம் அவ வளந்து பெரியவளாகி அவளா உன்னத் தேடி வந்தாத்தான் உண்டு."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவன் இல்லத்தை விட்டுப் போகிறான். மலைக்குக் கீழே ஒரு ஒற்றை அறை வீடு பார்த்தாகிவிட்டது. அங்கிருந்து வாரம் மூன்று நாள் இங்கே வந்துபோய் சிகிச்சையைத் தொடர வேண்டும். மற்ற நாட்களை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாரிட் வருவாள் என்றால் எதையும் தாங்கிக்கொள்ளலாம். வரமாட்டாள் என்றால்? அந்த யோசனையை அவன் அதற்குமேல் போகவிடவில்லை. அதனால்தான் கேக் கேக் என்று உயிரை விட்டான்.

மூன்றாம் நாள் பெர்னி இறங்கி வந்தாள். ஆனால் நிபந்தனைகள் போட்டாள். பாட்டில் மருந்து அறையில்தான் இருக்கும். அவள்தான் ஊற்றுவாள். மாவைக் கலந்து அவன்தான் அங்கே எடுத்துவர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்து வரிசை நின்றது. ஆளுக்கொரு காகிதக் குவளையில் தண்ணீர். டெல்லின் கையில் மட்டும் ஒரு பெரிய கிண்ணம், அது நிறைய மாவு. அவனுக்குப் பின்னால் லாமார் ட்ரிக்ஸ் நின்றிருந்தார். அறுபது வயது, மினியாபொலிஸில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், டெல்லின் அறைத்தோழர். அவருடைய நோய் விசித்திரமானது. சந்தோஷம் வந்தால் ஏறிக்கொண்டே போகும், நிற்காது. போன குளிர்காலத்தில் அப்படித்தான் ஏறி, பயணிகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, தடத்தை விட்டு விலகி, சூரிய உதயம் பார்க்க ஏரிக்கரைக்கு பஸ்ஸை ஓட்டிவிட்டார். இப்போது மனசு கொஞ்சம் லேசானாலும் நர்ஸிடம் வந்து சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

"பெர்னி, காலையிலேர்ந்து சந்தோஷமா இருக்கேன். இது தப்பா, சரியா?" என்று பின்னாலிருந்தே குரல் கொடுத்தார்.

"எதுக்கு சந்தோஷம் லாமார்?"

"இன்னைக்குக் கேக்கு."

"காரணம் இருக்குல்ல? அப்ப சரி. காரணமே இல்லாம வந்தா சொல்லு."

டெல் மருந்து அறை ஜன்னலுக்கு வந்து கிண்ணத்தை நீட்டினான். பெர்னி பழக்க தோஷத்தில், "முழுப் பேரு, பிறந்த தேதி?" என்று கேட்டுவிட்டாள். அவனும் மளமளவென்று சொன்னான். அவள் கண்ணுக்கு நேரே கரண்டியைப் பிடித்து, ஒரு துளி அதிகமில்லாமல் வெனிலாவை அளந்து மாவில் ஊற்றினாள்.

"கலக்கு. என் கண்ணு முன்னாடியே கலக்கு."

கலக்கினான். அடுத்து அவள் வாயிலிருந்து, மாத்திரை விழுங்கியவர்களிடம் தினமும் நூறு தடவை சொல்லுகிற வார்த்தை தானாக வந்தது. "வாயத் திற. நாக்கத் தூக்கு."

டெல் வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிவிட்டான். வரிசையே சிரித்தது. பெர்னி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். லாமார் சிரித்த சிரிப்பில் அவர் குவளைத் தண்ணீர் முன்னால் நின்றவன் சட்டையில் கொட்டியது.

ஒன்பது மணிக்குக் கேக் அடுப்பில் உப்பி எழுந்தது. வீடு முழுக்க வாசனை. இத்தனை நாளாக அந்த வீட்டில் காப்பியும் தரை துடைக்கிற மருந்தும்தான் மணந்தன. இப்போது அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்கள்கூட சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். டெல்லுக்குத் தலைகால் புரியவில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து மேலே பூசி, நீலத்தில் ஒரு ஏரி வரைந்து, அதில் ஒரு சின்னப் படகையும் வைத்தான். கை நடுங்கவில்லை.

பதினோரு மணிக்கு ரொண்டாவின் பழைய வண்டி வாசலில் வந்து நின்றது. டெல் கதவைத் திறந்தான். மாரிட் உயரமாகியிருந்தாள், முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. அவனைப் பார்த்து கையை இடுப்பளவுக்கு மட்டும் தூக்கி ஆட்டினாள். பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சேறு ஒட்டிய பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள்.

ரொண்டா உள்ளே ஒரு காலை வைத்தாள். மூச்சை இழுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மாரிட், பூட்ஸக் கழட்டாத."

டெல்லுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் வெனிலா வாசனை அவன் மூக்கிலும் உறைத்தது.

போன வருடம் மாரிட்டின் பிறந்தநாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கேக் போட்ட கை, அன்றைக்குச் சொந்தப் பிள்ளைக்கு மாவு கலந்தது. வீட்டில் வேறு சரக்கு இல்லை. வெனிலா பாட்டில்கள் இருந்தன, கடை அளவுப் பெரிய பாட்டில்கள். மாவில் ஊற்றியதைவிட அவன் வாயில் ஊற்றியது அதிகம். கேக்கை அடுப்பில் வைத்துவிட்டு சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டான். கேக் கருகிப் புகை சூழ்ந்து, அலாரம் அலறி, விருந்துக்கு வந்த ஏழு குழந்தைகளும் காலுறையோடு பனியில் நின்றார்கள். அவனைத் தட்டி எழுப்பியது மாரிட். அவன் வாயிலிருந்து வீசிய வாசனையை முதலில் முகர்ந்ததும் அவள்தான்.

இந்த மனுஷனுக்கு இது உறைக்க வேண்டாமா? அசல் வெனிலாவா போலி வெனிலாவா என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றவனுக்கு, அந்த வாசனை குழந்தைக்கு என்ன ஞாபகத்தைக் கொண்டுவரும் என்று மூன்று நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லை. கேக் நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான் அவன் புத்திக்கு எட்டியது.

"ரொண்டா, அது கேக்குல போட்டது. சத்தி..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டான். அவன் செய்யாத சத்தியம் இல்லை. அம்மா மேல், பைபிள் மேல், பிறக்கப்போகிற பிள்ளை மேல்கூடச் செய்திருக்கிறான். ரொண்டா வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவன் திரும்பி, "பெர்னி! அந்த ஊதுற மிஷின எடுத்துட்டு வா!" என்று கத்தினான்.

பெர்னி ஓடிவந்தாள். மூச்சில் சாராயம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் மிஷினில் புதுக் குழாயை மாட்டி நீட்டினாள். டெல் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, முகம் சிவக்க ஊதினான். மிஷின் கீச்சென்றது. பெர்னி அதை ரொண்டாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். எல்லாம் முட்டை.

"இன்னொரு தடவ ஊது," என்றாள் ரொண்டா.

"பத்து தடவ வேணும்னாலும் ஊதறேன்!"

மறுபடியும் முட்டை. டெல்லுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனைச் சந்தேகப்பட்டவர்கள் எப்போதும் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருந்தார்கள். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவன் மேல் வீண்பழி விழுந்ததில்லை. செய்யாத தப்புக்கு முறைப்பு வாங்குவதில் இவ்வளவு சுகம் இருக்குமென்று அவனுக்கு யார் சொன்னார்கள்? மூன்றாவது தடவை, யாரும் கேட்காமலே ஊதினான்.

"எனக்கும் குடு பெர்னி, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" என்று லாமார் முன்னால் வந்தார். இரண்டு கன்னத்தையும் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டு ஊதினார். முட்டை. "பாத்தீங்களா? அறுபது வயசுல நான் எடுத்த மிகப்பெரிய மார்க்கு!" பின்னாலேயே நாலைந்து பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் கைதட்டல். பெர்னி, "குழாய் தீந்து போயிரும்யா, போங்கய்யா!" என்று அதட்டியும் யாரும் நகரவில்லை.

மாரிட் களுக்கென்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுந்து அப்பாவுக்கு நேரே வந்து நின்றாள்.

"குனி," என்றாள்.

டெல் முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"வாயத் திற."

திறந்தான். ஒன்பது வயதுக் குழந்தை, பழகிய டாக்டரைப் போல, அவன் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து நிதானமாக முகர்ந்தாள். எத்தனை தடவை இதைச் செய்திருப்பாள், அவன் தூங்கும்போது, அவனுக்குத் தெரியாமல்! வெட்கத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் வாயை மூடவில்லை.

"காப்பி," என்றாள் மாரிட் அம்மாவிடம். "காப்பியும் வெங்காயமும். நாறுது, ஆனா வேற ஒண்ணுமில்ல."

அவளே போய் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். ரொண்டா வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள். பிறகு தன்னுடைய பூட்ஸையும் கழற்றினாள்.

கேக்கை வெட்டினார்கள். பாட்டுப் பாடினார்கள், லாமார் ஸ்வரம் தப்பாமல் உச்சத்தில் பாடினார். மாரிட் படகை மட்டும் எடுத்துக் காகிதக் கைத்துண்டில் வைத்துக்கொண்டாள். தட்டில் விழுந்த துண்டை அவள் தொடவில்லை. டெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இல்லையா கண்ணு?"

"அழகா இருக்கு. அந்த வாசன எனக்கு வேணாம்."

"இந்தக் கேக்க எப்படியெப்படிப் பண்ணலாம்னு மூணு நாளா யோசிச்சேன்," என்றான் அவன் பாவமாக.

"கேக்கப் பத்தி யோசிச்ச," என்றாள் ரொண்டா.

டெல் தலையாட்டினான். அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை கேட்டால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். இப்போது நாற்காலியை மகளின் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"ஆமா. உன்னப் பத்தி யோசிச்சிருக்கணும். போன வருஷம் நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கு மாரிட். உனக்கும் இருக்கும்கறது எனக்கு உறைக்கல. தப்பு என் மேலதான். மன்னிச்சிரு."

மாரிட் தட்டை லாமாரின் பக்கம் தள்ளினாள். "குடு, குடு. எனக்கு வெனிலா மேல ஒரு கோவமும் இல்ல," என்று அவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவள் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "எலுமிச்சம்பழம் போட்டுப் பண்ணா சாப்பிடுவேன்," என்றாள்.

"போடறேனே! அடுத்த பிறந்தநாளுக்கு எலுமிச்சம்பழக் கேக்குதான்."

"பிறந்தநாளுக்கா? அதுக்கு முழுசா ஒரு வருஷம் இருக்குப்பா. அடுத்த ஞாயித்துக்கிழம."

சொல்லிவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். டெல் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. மேசையைச் சுற்றி இல்லத்தின் மற்ற பத்துப் பேரும் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தார்கள்.

ரொண்டா விரல் நுனியால் மேசைமேல் கிடந்த துகள்களை ஒன்றுசேர்த்தாள். "புது வீட்டுல அடுப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. சின்னதுதான், ஆனா நல்லா வேல செய்யுது. பத்து மணிக்கு வாங்க. இல்ல, ஒம்பது. நீங்க எந்திரிச்ச உடனே வந்தாலும் சரி."

"ஒம்பதரைக்கு வர்றோம்," என்றாள் ரொண்டா. "எலுமிச்சம்பழம் நான் வாங்கிட்டு வர்றேன்."