புதுசின் நாக்கு

பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் அறையில் இரண்டே பேர். மூத்தவளை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். இளையவளுக்கு, வேலைக்குச் சேர்ந்து வருஷங்கள் ஓடியும், 'புதுசு' என்றே பேர். புதுசு சொன்ன பக்குவத்தில் செய்த சரக்குதான் கடைகளில் பறக்கிறது. முதலாளியும் வாய்க்கு வாய் அவளைத்தான் புகழ்கிறார். பெரியக்காவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? தரப் பிரிவின் தலைமை நாற்காலி காலியாகப் போகிற நேரம் வேறு.

அப்போதுதான் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து புதுசு திரும்பினாள். வந்த அன்றே கதவைச் சாத்திவிட்டுக் கண் கலங்கினாள்.

"அக்கா, மயக்கம் கொடுத்தப்போ மூச்சுக்காக வாய் வழியா வெச்ச குழாய் நாக்கு நரம்ப அழுத்திடுச்சாம். நாக்கு மரத்துக் கிடக்கு. உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. தானா சரியாகும், கொஞ்ச மாசம் பொறுங்கன்னு டாக்டர் சொல்றாரு. வெளிய தெரிஞ்சா என் வேலை போச்சு. அதுவரைக்கும் உங்க முகத்தப் பாத்தே சமாளிச்சுக்கிறேன்க்கா."

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? நான் இருக்கேன்ல!" என்றாள் பெரியக்கா. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைத்தால்தானே! பெரியக்கா கடித்து மெல்வாள்; புதுசு ஒரு பார்வை பார்ப்பாள்; பட்டென்று சரியாகச் சொல்லிவிடுவாள். பாராட்டு அவளுக்கு. நாக்கே செத்துக் கிடப்பவளுக்கு! இது என்ன அநியாயம் என்று பெரியக்கா பொருமிப் பொருமித் தூக்கத்தைத் தொலைத்தாள்.

நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்ய முதலாளியே வந்து உட்கார்ந்தார். தட்டில் அன்றைய சரக்கு. பெரியக்கா ஒரு கடி கடித்தாள். உப்பே இல்லை, சப்பென்று இருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? முகம் முழுக்கச் சிரித்தாள். சொக்கிப்போனவள் மாதிரி கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

"முதல்ல நீ சொல்லும்மா" என்றார் முதலாளி, புதுசிடம்.

புதுசு மென்றபடி பெரியக்காவையே பார்த்தாள். "இத வெளிய அனுப்ப வேண்டாம் சார். சரியில்ல."

முதலாளி தானும் ஒன்றைக் கடித்தார். "அடேங்கப்பா, உப்புப் போடவே மறந்துட்டாங்க! நாக்குன்னா இதுல்ல நாக்கு!"

நாற்காலி புதுசுக்குப் போயிற்று. அவர் அந்தப் பக்கம் போனதும் பெரியக்காவால் அடக்க முடியவில்லை.

"நான்தான் சிரிச்சேனேடி! அப்புறம் எப்படி உனக்குத் தெரிஞ்சுது?"

புதுசு தட்டை ஒதுக்கி வைத்தாள். குரலில் குத்தலே இல்லை.

"நல்ல பிஸ்கட்டுக்கு நீங்க சிரிச்சு நான் ஒருநாளும் பாத்ததில்லக்கா."