மாமாவை வரச் சொன்னவள்

கஸ்தூரியம்மாளின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி மறுபடியும் நெகிழ்ந்துவிட்டது. மகள் மாரீஸ்வரி குனிந்து முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பெரியப்பா ராக்கையா பந்தலுக்குள் தலையை நீட்டி, தேவாரம் ஊரிலிருந்து கோடி வந்துவிட்டதா என்று கேட்டார். காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே கேள்வி அதுதான். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பிணத்தின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை அவள் மேல் விழ வேண்டும். அதை அண்ணனோ தம்பியோ தன் கையால் போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் தூக்குவார்கள். சம்பந்தக்காரர்கள் போட்ட கோடிகள் கால்மாட்டில் குவிந்து கிடந்தன. எத்தனை குவிந்தால் என்ன? கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போதே அவன் கோடி விழாமல் போனால் அவள் நாதியில்லாமல் போனாள் என்று பொட்டிப்புரத்திலிருந்து போடி வரைக்கும் பேசுவார்கள். விடியும்போது அடங்கிய உயிர். இப்போது வெயில் பந்தலின் மேற்குப் பக்கம் வந்துவிட்டது. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும்.

தேவாரத்தில் இருக்கும் தம்பி ஒச்சாண்டிக்குக் காலையிலேயே ஆள் போய்ச் சொல்லிவிட்டது. அவர் வரவில்லை, போனும் அணைந்து கிடந்தது. ஐந்து வருடமாக அக்காள் வீட்டு வாசலை மிதிக்காதவர் அவர். ஏன் மிதிக்கவில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாரீஸ்வரி எழுதிய கதைதான் காரணம்.

மாரீஸ்வரி மாத நாவல் எழுதுகிறவள். கம்பத்தில் அச்சகம் வைத்திருக்கும் ஷானவாஸ் பாய் மாதம் ஒரு பேய்க்கதை கேட்பார். சோறு வடித்துக்கொண்டும் பாலைக் காய்ச்சிக்கொண்டும் அவள் எழுதிக் கொடுப்பாள். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் அவை முறுக்குப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கும். அப்படி எழுதியவற்றில் ஒன்றுதான் 'மலையிறங்கி வந்தவள்'. செத்துப்போன பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, தன்னைச் சாகவிட்டவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிற கதை. கடைசிப் பக்கத்தில் அவள் கொல்வது ஜீப் ஓட்டிய தாய்மாமனை.

கதையில் பெண்ணுக்கு வேறு பெயர்தான். ஆனாலும் அது சுருளி என்று ஊருக்குத் தெரியாதா?

சுருளி மாரீஸ்வரியின் தங்கை. தொண்ணூற்றேழில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனாள். ஒச்சாண்டி மாமா அப்போது ஜீப் வைத்திருந்தார். விடியுமுன்னே பெண்களை அடைத்து ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போவார், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். அன்றைக்கு வேலைக்காட்டில் சுருளிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு மாமா பாதி நாளிலேயே திரும்பினார். ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. பிள்ளை பயந்துபோய்க் குதித்துச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. மாமா சொன்னது இவ்வளவுதான். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. "குதிக்காம இருந்திருந்தா இருந்திருப்பா" என்று எல்லாரும் சுருளியைத்தான் குறை சொன்னார்கள். மாமா ஜீப்பை விற்றுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னி. கஸ்தூரியம்மாள் உள்வீட்டு மூலையில் ஓலைப்பெட்டி ஒன்றில் வருடா வருடம் தை மாதம் புதுப் பாவாடை சட்டையும் வளையலும் வைத்துச் சுருளியைக் கும்பிட்டு வந்தாள். அந்தக் கன்னியைத்தான் மாரீஸ்வரி ரத்தம் குடிக்க வைத்தாள்.

புத்தகம் வந்தபோது கஸ்தூரியம்மாள் மருமகன், மாரீஸ்வரியின் புருசன் ஈஸ்வரபாண்டியை உட்கார வைத்து முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அட்டையில் வெள்ளைச் சேலை கட்டி, தலையை விரித்துப்போட்டு, கோரைப்பல்லோடு நின்றவளைப் பார்த்து, "இது யாரு, இம்புட்டுச் செவப்பா?" என்று மட்டும் கேட்டாள். கதையில் ஓர் இடம். வண்டி ஏற்றத்தில் நின்றுபோகிறது. மாமன் அந்தப் பெண்ணை இறங்கி, சக்கரம் உருளாமல் இருக்க அண்டைக்கல் வைக்கச் சொல்கிறான். அவள் கல்லோடு குனியும்போது, "நான் எந்திரிக்கிற வரைக்கும் மிதிச்சே இருங்க மாமா" என்கிறாள். அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுகிறான். பேயான பிறகு ஒவ்வொருவன் கழுத்திலும் கை வைக்கும்போது அவள் சொல்வது அந்த ஒரே வாக்கியம்தான். ஈஸ்வரபாண்டி அதைக் குரலை மாற்றி வாசித்துக் காட்டினான். கஸ்தூரியம்மாள் எழுந்து போய்க் கன்னிக்கு விளக்கேற்றினாள். திரும்பி வந்து மகளிடம், "உங்கிட்ட வந்தாளா?" என்று கேட்டாள்.

யார் என்று மாரீஸ்வரி கேட்டாள். சுருளி என்றாள் தாய். மாரீஸ்வரி சிரித்துவிட்டாள். பால் பொங்குவதற்குள் எழுதியது, யார் வந்து சொல்ல வேண்டும் என்றாள். கஸ்தூரியம்மாள் அதற்கப்புறம் பல நாள் அவளோடு பேசவில்லை.

அந்த மாதத்தோடு ஒச்சாண்டியின் வரத்து நின்றது. மருமகள் தன்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டாள் என்று மானக்கேட்டில் ஒதுங்கிவிட்டார் என்று ஊர் நினைத்தது. நேற்று ராத்திரி மூச்சு வாங்கும்போதும் கஸ்தூரியம்மாள், "தம்பிக்குச் சொல்லிவிடாதீக. அவன் இந்தப் பக்கம் வர வேணாம்" என்றாள். சாகிற நேரத்திலும் வீம்பைப் பார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வீம்போ என்னவோ, கோடி கோடிதான். அதற்காகத்தான் ராக்கையா அவள் சொல்லை மீறி ஆள் அனுப்பியிருந்தார்.

மாரீஸ்வரி எழுந்து கையைக் கழுவினாள். தானே போய்க் கூட்டி வருவதாகச் சொன்னாள். செத்த வீட்டுப் பிள்ளை எல்லை தாண்டக் கூடாது என்று ராக்கையா தடுத்துப் பார்த்தார். பந்தலின் ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு சித்தி யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"புத்தகத்துல மாமனைக் கொன்னவ, இப்பக் கோடிக்குக் கூப்புடப் போறா. எந்திரிச்சு வருவாராமா?"

மாரீஸ்வரி புருசனின் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தேவாரத்தில் அத்தைதான் வாசலில் நின்றிருந்தாள். சேதி வந்ததும் மாமா உத்தமபாளையம் போய்ப் புடவை எடுத்து வந்தார், குளித்தார், கிளம்பினார், தெருமுக்கு வரைக்கும் போய்விட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பிவிட்டார் என்று அழுதாள்.

ஒச்சாண்டி திராட்சைப் பந்தலின் அடியில், மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடைப் பை மடியில் இருந்தது. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. மாரீஸ்வரியைக் கண்டதும் பையை அவள் பக்கமாக நீட்டினார்.

"இதக் கொண்டு போயிருத்தா. நான் போட்டதா இருக்கட்டும்."

"ஆம்பள கைதான் போடணும்ங்கிறாக பெரியப்பா. எந்திரிங்க மாமா. பொழுது எறங்குது."

"நான் எப்பிடி அங்கன வாறது? அவ விடுவாளா?"

எவள் என்று அவள் கேட்கவில்லை. மாமாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அது கதை மாமா என்றாள். மாதம் ஒன்று எழுதினால்தான் பாய் அடுத்ததைக் கேட்பார், அதற்காக இட்டுக்கட்டியது, அதைப் படித்துவிட்டு மனதில் வைத்திருந்தால் தன்னை இரண்டு அடி அடித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பையின் காதைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"மிதிச்சே இருங்க மாமான்னு அவ சொன்னது உனக்கு எப்பிடித் தெரியும்? அங்கன நானும் அவளும் மட்டுந்தான இருந்தோம்?"

தள்ளி எங்கோ மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் நின்று, மறுபடி பிடித்தது.

அந்த வரியை எழுதிய காலை அவளுக்கு நினைவிருந்தது. ஏற்றத்தில் ஜீப் நின்றால் யாராவது இறங்கிக் கல் வைப்பது மலையில் வழக்கம், அதைத்தான் எழுதினாள். அந்த இடத்தில் சுருளி என்ன சொல்வாள் என்று யோசிக்கக்கூட இல்லை. புளியமரத்தில் ஏறும்போது "ஏணிய விட்டுறாத, பிடிச்சே இருக்கா" என்பாள். கிணற்றில் இறங்கும்போது "கயித்தப் பிடிச்சே இரு" என்பாள். யாரையும் முழுசாக நம்பாத பிள்ளை. எதைச் செய்தாலும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தில் அந்த வரி தானாக விழுந்தது.

"அப்ப, அவ குதிக்கல" என்றாள்.

"குதிக்கல. நாந்தான் எறக்கிவிட்டேன். காச்சக்காரப் பிள்ளைய எறங்கிக் கல்லு வைடின்னேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "கல்லு தேடி எடுத்துட்டு வர அவளுக்கு நேரமாயிருச்சு. மிதிச்ச காலு மரத்துப் போயி நடுங்குச்சு. மாத்தி மிதிக்கலாம்னு நெனச்சேன். ஒரு கண்ணு மூடித் தொறக்கிற நேரம்."

அம்மாவை இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்டாள் மாரீஸ்வரி. அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அக்காவுக்குத் தெரியும்த்தா. அன்னைக்கே ஆஸ்பத்திரி வாசல்ல காலப் பிடிச்சுச் சொல்லிட்டேன். குதிச்சிருச்சுன்னு சொல்லுடான்னு சொன்னதே அவதான். உங்கய்யா அப்ப இருந்தாகல்ல, அருவாளத் தூக்கிருவாகன்னு. உங்கதை வந்தப்ப ஆள்விட்டுச் சொன்னா. சின்னவ மாரிகிட்ட வந்து பேசுறா, நீ இந்தப் பக்கமே தலகாட்டாத, உன்னக் கொண்டுபோயிருவான்னு."

உங்கிட்ட வந்தாளா என்று தாய் கேட்டபோது தான் சிரித்த சிரிப்பு மாரீஸ்வரியின் காதில் விழுந்தது. பெற்றவளிடம் வராத பிள்ளை அக்காளிடம் போய்ப் பேசியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, அந்தப் பிள்ளையிடமிருந்து தம்பியைக் காப்பாற்றவும் வேண்டிக்கொண்டு, ஐந்து வருடம் அம்மா அந்த வீட்டில் விளக்கேற்றியிருக்கிறாள்.

இப்போது மாரீஸ்வரி பையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகலாம். பந்தலில் நின்று, சுருளி குதிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராக்கையாவின் மகன்கள் அரிவாளோடு இங்கே வந்து நிற்க நேரம் ஆகாது. அந்தப் பிள்ளை மேல் பதினோரு வருடமாகச் சுமத்திய பழியும் போகும். ஆனால் அங்கே அம்மா கிடக்கிறாள். மூஞ்சியில் ஈ மொய்க்க, தம்பி கைப் புடவைக்காகக் கிடக்கிறாள்.

கதை என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதை இவர் நம்பப்போவதில்லை.

"நேத்து வந்தா மாமா" என்றாள்.

ஒச்சாண்டி நிமிர்ந்தார்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குறப்ப வந்தா. மாமாவ வரச் சொல்லுன்னா."

"வேற என்ன சொன்னா?"

பேய்களுக்குப் பேச்சு எழுதுவது மாரீஸ்வரிக்குக் கைப்பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். ஆனால் இப்போது வாய் வரவில்லை. மாமாவின் முகத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். மண்ணில் உதிர்ந்து கிடந்த திராட்சையை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. சுருளி இருந்திருந்தால் என்ன கேட்பாள்? கோபப்பட்டிருப்பாளா? இருக்கலாம். அதற்கும் முன்னால் என்ன கேட்டிருப்பாள்?

"'மாமாவுக்கு இன்னமும் காலு வலிக்குதாக்கா'ன்னு கேட்டா."

ஒச்சாண்டி இரண்டு கையாலும் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். டிவிஎஸ்ஸில் அவள் பின்னால் ஏறி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சங்கராபுரம் விலக்கில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது, "அடுப்புக்கரி நெறத்துலதான் எடுத்தேன். அக்காவுக்கு வெளிர் நெறம் ஆகாது" என்றார்.

பந்தலில் அவரைக் கண்டதும் கொட்டுச் சத்தம் ஏறியது. ராக்கையா ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். ஒச்சாண்டி புடவையைப் பிரித்தபோது துணி பிரியாமல் சுருண்டுகொண்டது. மாரீஸ்வரி மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக விரித்துக் கழுத்து வரைக்கும் போர்த்தினார்கள். அவர் அக்காளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கொட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்தவர் கூட்டத்தைப் பார்த்து, "சுருளிதான் வரச் சொல்லுச்சு" என்று குழந்தை மாதிரி சொல்லிவிட்டு அழுதார்.

எல்லாரும் மாரீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் மறுக்கவில்லை. தூக்குங்கள் என்றார் ராக்கையா.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். மாரீஸ்வரி தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு வாசலுக்கு வந்தாள். பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். வெற்றிலைச் சித்தி மட்டும் அவளுக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏத்தா மாரி, எங்க வீட்டுக்காரரு உங்கிட்ட எதும் வந்து சொன்னாகளா? நகைய எங்கன வச்சாகன்னு கேக்கல. சும்மா, எதும் சொன்னாகளான்னு."

"இல்ல சித்தி."

"வந்தாகன்னா கேட்டு வையி."

"சரி சித்தி."

சித்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். தெருவில் யாரும் இல்லை. டீக்கடையிலிருந்து இரவல் வாங்கிய நீள பெஞ்சு ஒன்று, இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் வேலியோரம் கிடந்தது. மாரீஸ்வரி அதில் போய் உட்கார்ந்து முடியைப் பிழிந்துவிட்டாள். பிறகு, ஈரச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்தில் இன்னொருத்தி உட்கார இடம் விட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.