ஜெரூஷாவின் ஃபைட்டர்

பாலிதீன் பையில் தண்ணீரோடு கட்டிய நீல ஃபைட்டர் மீனைப் பெரிய தொட்டியில் மிதக்கவிட்டு, எட்மண்ட் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இருபது நிமிடம். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். முப்பத்தோரு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். முறைப்படி செய்தால் எதுவும் தப்பாகாது என்று நம்புகிறவர். தொட்டியில் இருந்த ஒன்பது டைகர் பார்ப் மீன்களும், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட பயல்கள், கூட்டமாக வந்து பையை முட்டிப் பார்த்தன. "பாரு ஜெயசீலி, வரவேற்கிறாங்க," என்றார். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போன நாளிலிருந்து அவள் சமையலறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

மீன் மகளுடையது. மே மாதம் ஒரு மத்தியானம் ஜெரூஷா ஊரப்பாக்கத்தில் மாமியார் வீட்டிலிருந்து கிளம்பி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்த மீனை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறித் தாம்பரம் வந்துவிட்டாள். மாற்றுத்துணிகூட எடுத்து வரவில்லை. ஐந்து வாரம் இருந்தாள். சர்ச் வளாகத்தில் உதிர்ந்த பாதாம் இலையைப் பொறுக்கி வந்து பாட்டிலில் போடுவாள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். மீனுக்கு அது மருந்தாம். சாயங்காலமானால் பவுடர் டப்பாக் கண்ணாடியை அதன் முன்னால் நீட்டுவாள். இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்து மீன் செவுளை உப்பிக்கொண்டு, வாலை முந்தானை போல விரித்துச் சண்டைக்கு வரும். அப்போது மட்டும் ஜெரூஷா சிரித்தாள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவள் முழுதாகச் சொல்லவில்லை. எட்மண்டும் முழுதாகக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. "நான் சாப்பிட உக்காந்தா நாலு பேரும் ஆரம்பிப்பாங்கப்பா," என்று ஒருநாள் தொடங்கினாள். அவர் கையமர்த்திவிட்டார். சபையில் எத்தனையோ குடும்பங்களைப் பேசிப் பேசிச் சேர்த்துவைத்தவர் அவர். சொந்த மகளை வாழாவெட்டியாக வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்தவனுக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வது? மாப்பிள்ளை ஜெஃப்ரியும் அவன் அம்மாவும் வந்தார்கள். எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார்கள், கேக் சாப்பிட்டார்கள். "விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்ல, ஜெரூ," என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றி அனுப்பினார். மீனை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. "அங்க வேணாம்பா. இதாவது இங்க இருக்கட்டும்," என்றாள்.

ஒற்றை மீன் பாட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாலு பேரோடு இருந்தால் பழகிவிடும் என்று தோன்றியது. அதனால்தான் பாட்டிலிலிருந்து பைக்கு மாற்றி, இந்தத் தொட்டிக்குக் கொண்டுவந்தார்.

ஜெரூஷா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். மீனைப் பற்றி மட்டும் கேட்பாள். "நல்லா இருக்கும்மா. கூட்டத்தோட சேந்துடுச்சு," என்பார் அவர். மீனைத் தொட்டியில் விட்ட ஐந்தாம் நாள்தான் மார்க்கெட் பக்கம் மீன் கடை வைத்திருக்கும் கார்த்தியிடம் போய் நின்றார்.

"ஃபைட்டர் மத்த மீனைக் கொன்னுடும்னு சொல்றாங்க. இது யாரையும் ஒண்ணும் பண்ணல. ஆனா தீனிக்கு மேல வர மாட்டேங்குதுப்பா."

"பார்ப் கூடவா சார் வுட்டீங்க?" கார்த்தி வலையைக் கீழே வைத்தான். "அது இன்னா சார் பண்ணும்? அம்மாம் நீட்டு வாலத் தூக்கினு ஓடக்கூட முடியாது. அதுங்க கும்பலா வந்து கடிச்சிகினே இருக்கும். ஒண்டியா வெச்சாதான் சார் அது நல்லா இருக்கும். யாரு சேத்து வுடச் சொன்னது?"

வீட்டுக்கு வந்து தொட்டியின் முன் குனிந்தார். ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த சந்தில் மீன் தலைகுத்தி நின்றது. வால் இருந்த இடத்தில் நாலைந்து நூல்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பார்ப் வந்து அதிலும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. போன் அடித்தது.

முதல்முறையாக உண்மையைச் சொன்னார். மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் ஓசையும், யாரோ ஒரு பெண் அதட்டுவதும் தூரத்தில் கேட்டன.

"மூலையில போய் நிக்குதாப்பா?"

"ஆமாம்மா."

"சாப்பிட வரலையா?"

"வரல."

"நான்கூட இப்பல்லாம் அவங்க எல்லாரும் எழுந்து போனப்புறம்தான் சாப்பிடுறேன்."

இத்தனை நாள் கேட்காத காது இப்போது கேட்டு என்ன செய்ய? "நான் இப்பவே கெளம்பி வரேன் ஜெரூ. உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"வேணாம்பா," என்றாள். கோபமே இல்லாத குரல். "கூட்டிட்டுப் போவீங்க. நாலு பேர் வந்து ஜெபம் பண்ணா, திரும்பக் கொண்டாந்து விட்டுடுவீங்க."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்தார், எடுக்கவில்லை. மூன்று முறை அழைத்தார்.

ஜெயசீலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் முன்னால் வைத்தாள். அவர் மீனை வலையில் அள்ளி அதற்குள் விட்டு, மிச்சமிருந்த பாதாம் இலை ஒன்றையும் போட்டார். கடிக்க இப்போது யாரும் இல்லை. ஆனாலும் மீன் அடியில் இறங்கி, பாட்டிலின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஜெரூஷா விட்டுப்போன பவுடர் டப்பாவைத் தேடி எடுத்துவந்து, அவர் கண்ணாடியை அதன் முன்னால் பிடித்தார். மீன் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தார். மீன் மெதுவாகத் திரும்பி, இலைக்குப் பின்னால் போய் நின்றது.