குட்டிக்கு எத்தனை மாசம்?

பல்லுக்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர். கழற்றி மாட்டுகிற பல் செட்டுகளை வீட்டிலேயே செய்து பல் டாக்டர்களுக்கு அனுப்புகிற தொழில். மேசை, அலமாரி, ஜன்னல் விளிம்பு என்று எங்கே பார்த்தாலும் பற்கள் இளித்துக்கொண்டிருக்கும். பேச்சுத்துணைக்குத்தான் ஒரு வாய் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம் குட்டி மட்டும்.

குட்டி என்றால் கையில் தூக்கிக் கொஞ்சுகிற சைஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் சோபாவில் ஏறிப் படுத்தால் பல்லுக்காரர் தரையில்தான் உட்கார வேண்டும், அப்படியொரு நாய். வந்த அன்று வைத்த பெயர். அவன் வளர்ந்து கிழவனாகியும் பெயர் மட்டும் வளரவில்லை. அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தவறாமல் உள்ளே போனால் ராஜா மாதிரி இருப்பான்.

மாத்திரை தருகிற மிருக டாக்டர் ஊரின் மறுகோடிக்கு இடம் மாறிவிட்டார். ஆன்லைனில் வாங்கேன் அண்ணா என்றாள் தங்கை, போனில். சொன்ன கையோடு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று வைத்தும்விட்டாள்.

முதலில் திறந்த கடை அவரைக் குடைந்து எடுத்தது. டாக்டர் சீட்டு எங்கே, டாக்டர் நம்பர் என்ன, நாயின் எடை எவ்வளவு? மாத்திரை கேட்டால், பொண்ணு கேட்டு வந்தவனை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறானே என்று கடுப்பாகி மூடிவிட்டார். இரண்டாவது கடையில் சீட்டே வேண்டாமாம். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, 'வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?' என்று கேட்டது. அவரை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. சாப்பிட்டதை மட்டுமல்ல, என்ன சாப்பிட்டார் என்பதையும் சேர்த்து எழுதினார். பிறகுதான் குட்டிக்கு வலிப்பு மாத்திரை வேண்டும் என்றார். பாவம் சார் குட்டி, இதோ அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. கடை எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பழைய மாத்திரை தீர்ந்ததும் புதியதைக் கொடுத்தார். இரண்டு நாள் ஓடியது. அடுத்த நாள் சாயங்காலம் குட்டி சமையலறை வாசலில் சரிந்தான். நான்கு கால்களும் காற்றில் ஓடின. பல்லுக்காரர் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தார். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அடங்கியதும் அந்தப் பெட்டியில் விஷயத்தை எழுதினார். கவலைப்படாதீங்க சார், இன்னும் ரெண்டு அட்டை அனுப்பவா என்று வந்தது.

அப்போதுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். தயாரித்தவன் பெயர் இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். கோபித்துக்கொண்டு மூடிய முதல் கடையின் நம்பருக்கே போன் போட்டார். மருந்தாளர் பெண் ஒருத்தி எடுத்தாள். குட்டிக்கு வலிப்பு வந்த கதையைக் கேட்டுவிட்டு, அட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள்.

"அது நாய்க்குட்டிக்குக் குடுக்கற அளவு சார். உங்க குட்டிக்கு எத்தனை மாசம்?"

"பதினோரு வயசும்மா."

"குட்டின்னு சொன்னீங்களே?"

"அது அவன் பேரு."

அவள் சிரிக்கவில்லை. அதற்குள் மருந்து இருக்கிறதா, மாவு இருக்கிறதா என்பதே சந்தேகம் என்றாள். இனி அதைக் கொடுக்க வேண்டாம், அட்டையோடு உடனே டாக்டரிடம் போங்கள், அவர் நம்பரைக் கொடுங்கள், நானே போன் செய்கிறேன் என்றாள்.

"வழியில மறுபடி வந்தா பிடிச்சுக்கணும். கூட யாரு இருக்காங்க சார்?"

"குட்டி இருக்கான்."

"அவனைப் பிடிச்சுக்கத்தான் கேக்கறேன்."

பல்லுக்காரர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பெயர்கூடத் தெரியாத அந்த ஆள் பின்னங்காலைப் பிடித்து டாக்ஸியில் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மடியில் கனத்த தலையோடு பல்லுக்காரர் போய்ச் சேர்ந்தார். டாக்டர் ஊசி போட்டார், எடை பார்த்தார், சரியான மாத்திரை தந்தார், சீட்டும் எழுதினார்.

மறுநாள் குட்டி தானாக எழுந்து வாசல்வரை நடந்தான். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. தங்கை எடுக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போட்டார். வேறொரு குரல்.

"ஆர்டர் நம்பர் சொல்லுங்க சார்."

"ஆர்டர் ஒண்ணும் இல்ல. நேத்து பேசின பொண்ணுகிட்ட, குட்டி நடக்கறான்னு சொல்லணும்."

"சொல்லிடறேன் சார். வேற ஏதாவது வேணுமா?"

பல்லுக்காரர் மேசையில் இளித்துக்கொண்டிருந்த பற்களைப் பார்த்தார்.

"இல்லப்பா," என்றார்.